ரிவர்ஸில் மட்டும் நன்றாகப் பிடித்த பிரேக்: பழைய கார் ஒன்றின் டிரம் பிரேக் ஆய்வு

## பின்னணி

1950களின் கடைசியில் தயாரான சிறிய நான்கு கதவு கார். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஷூ என்ற வளைந்த துண்டுகள் அழுந்தி வண்டியை நிறுத்தும். மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் சர்வோ கிடையாது. பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே சர்க்யூட்தான் (ஆயில் போகும் பாதை) நான்கு சக்கரத்துக்கும் போகிறது. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வீல் சிலிண்டர்கள். ஆயில் அழுத்தத்தில் ஒவ்வொன்றின் பிஸ்டனும் ஒரு ஷூவை மட்டும் தள்ளும். பின் சக்கரத்தில் ஒரே சிலிண்டர்தான். ஹேண்ட் பிரேக்கும் அந்தப் பின் ஷூக்களையே பிடிக்கிறது. அந்தக் காலத்துச் சிறிய கார்களில் பரவலாக இருந்த அமைப்புதான் இது.

காரின் உரிமையாளர் அதை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தவர். வேலை தெரியாதவர் அல்ல. இஞ்சினையும் கியர் பாக்ஸையும் அவரே சேர்த்திருக்கிறார், இரண்டும் இன்றுவரை தொல்லை தரவில்லை. பிரேக் வேலையில் முன்பக்க பேக் பிளேட் (சிலிண்டரும் ஷூவும் பூட்டப்படும் தட்டு) இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றி, துரு நீக்கி, பெயின்ட் அடித்து, எடுத்து வைத்துவிட்டார். பல மாதம் கழித்து புது வீல் சிலிண்டர், புது லைனிங் (டிரம்மை உரசும் பட்டை) போட்ட ஷூ, புது ஸ்பிரிங், லேத்தில் கடைந்த டிரம் எல்லாவற்றையும் பூட்டினார். பிளேட்டின் பின்புறம் பென்சிலால் இடது, வலது என்று எழுதி வைத்திருந்தாராம். பெயின்ட் அடித்ததில் அது போய்விட்டது.

வண்டி முதன்முதலாக ஓடியபோது பிரேக் மோசமாக இருந்தது. புது லைனிங் டிரம்மோடு ஒத்துப்போகச் சிறிது தூரம் ஓட வேண்டும் என்பதால் அவர் அப்போது பதறவில்லை. ஓட ஓடச் சரியாகும் என்றுதான் நினைத்தார். ஆகவில்லை.

## அதற்கு முன் செய்யப்பட்டவை

நான் பார்ப்பதற்கு முன்பே ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்திருந்தார். அவர் செய்த வேலைகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் தவறு சொல்ல முடியாது. ஏர் எடுத்தார், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றப் பார்த்தார்; பிரேக் ஆயிலில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டர்களை இறுக்கினார், பெடல் இன்னும் மேலே வந்தது, பிடிப்பு வரவில்லை. மறுபடியும் ஒரு பல் (ஒரு படி) இறுக்கினார். இந்த முறை ஷூக்கள் டிரம்மைத் தேய்த்துக்கொண்டே ஓடி, கொஞ்ச தூரத்திலேயே முன் டிரம் கையை வைக்க முடியாத சூடானது.

அப்புறம் சந்தேகம் லைனிங் மேல் போனது. கடினமான லைனிங் என்று முடிவு செய்து, மிருதுவான வகையை ஒட்டிப் பூட்டினார்கள். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. இந்தச் சின்ன முன்னேற்றம்தான் எல்லோரையும் திசைதிருப்பியது என்பது என் கணிப்பு. லைனிங்தான் பிரச்சினை, இன்னும் நல்ல லைனிங் கிடைத்தால் தீரும் என்ற எண்ணம் உறுதியாகிவிட்டது. அடுத்த கட்டமாக வேக்குவம் சர்வோ ஒன்றைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தபோது உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

## கண்டவை

பெடலை மிதித்துப் பார்த்தேன். உயரம் சரி, கெட்டியாக இருக்கிறது. ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தும் கீழே இறங்கவில்லை. ஆக, ஏர் இல்லை, கசிவு இல்லை, மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரும் நன்றாக இருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் ஆயில் அழுத்தம் ஷூ வரை போய்ச் சேர்கிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில்தான் ஏதோ நடக்க வேண்டியது நடக்கவில்லை.

ஆளில்லாத, சமமான, காய்ந்த தளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்திப் பார்த்தோம். 20 மீட்டருக்கு மேல் போனது. இப்படி ஒரு வண்டி நல்ல நிலையில் இருந்தால் ஏறக்குறைய பாதித் தூரத்தில் நிற்க வேண்டும். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, நேராகவே போனது. இன்னும் பலமாக மிதித்தபோது பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தரையில் கோடு போட்டன. முன் சக்கரங்கள் சாவகாசமாக உருண்டுகொண்டிருந்தன.

இதைப் பார்த்ததும் சோதனையை நிறுத்திவிட்டேன். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது, அதனால் பெரும்பகுதி வேலையை முன் பிரேக்தான் செய்ய வேண்டும். பின் சக்கரம் முதலில் பூட்டினால், ஈரத் தரையில் வண்டியின் பின்பகுதி முன்னால் வரப் பார்க்கும். நிற்கத் தாமதமாவதைவிட இது ஆபத்தானது.

சர்வோ யோசனையை அந்த இடத்திலேயே வேண்டாம் என்றேன். சர்வோ நான்கு சக்கரத்துக்கும் அழுத்தத்தைக் கூட்டும். முன்பக்கம் ஏன் பிடிக்கவில்லை என்பது அப்படியே இருக்க, பின்பக்கம் இன்னும் சீக்கிரம் பூட்டும்.

சரி, இனி எதைத் திறப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது உரிமையாளர் சாதாரணமாக ஒன்று சொன்னார்: "ரிவர்ஸ்ல மட்டும் சூப்பரா பிடிக்குது சார். லேசா தொட்டாலே நின்னுடும்." குறையாக அவர் இதைச் சொல்லவில்லை, அதனால் முதல் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லவும் இல்லை.

## ஏன் அந்த வாக்கியம் முக்கியம்

டிரம் சுழலும் திசையில், ஷூவின் எந்த முனையை பிஸ்டன் தள்ளுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுழன்று வரும் டிரம் முதலில் சந்திக்கும் முனையை பிஸ்டன் தள்ளினால், உராய்வே ஷூவை டிரம்முக்குள் இன்னும் இழுத்துச் செருகும். அது லீடிங் ஷூ. எதிர்முனையைத் தள்ளினால், அதே உராய்வு ஷூவை டிரம்மிலிருந்து விலக்கப் பார்க்கும். அது டிரெயிலிங் ஷூ. ஒரே அழுத்தத்தில் லீடிங் ஷூ தரும் பிடிப்பு டிரெயிலிங் ஷூவைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. லைனிங்கின் உராய்வு கூடினால் வித்தியாசம் இன்னும் கூடும்.

இந்தக் காரின் முன் சக்கரத்தில் இரண்டு ஷூவும் லீடிங்காக இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். சர்வோ இல்லாமலே வண்டி நிற்பதற்குக் காரணம் அதுதான். பின்னால் ஒன்று லீடிங், ஒன்று டிரெயிலிங். ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஹேண்ட் பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் பின்னால் இப்படி இருந்தாக வேண்டும்.

முன்பக்கம் இரண்டும் லீடிங் என்பது முன்னோக்கி ஓடும்போது மட்டும். ரிவர்ஸில் அவை இரண்டும் டிரெயிலிங் ஆகிவிடும், பிடிப்பு குறையும். எனவே ஒழுங்காகப் பூட்டிய இந்த வகைப் பிரேக், ரிவர்ஸில் மந்தமாகத்தான் இருக்க வேண்டும். இங்கே நேர்மாறாக இருக்கிறது. மிருதுவான லைனிங் போட்டதும் லேசான முன்னேற்றம் தெரிந்ததும் இதனால் புரிகிறது: டிரெயிலிங் ஷூவிலும் உராய்வு கூடினால் பிடிப்பு கொஞ்சம் கூடும், ஆனால் கொஞ்சம்தான்.

## டிரம்மைத் திறக்கும் முன் ஒரு சோதனை

வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். உரிமையாளர் பெடலைக் காலால் மிதிக்காமல் கையால் லேசாக அழுத்தினார். நான் முன் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினேன்: உரசலோடு சுற்றியது. பின்னோக்கிச் சுற்றினேன்: பிடித்துக்கொண்டது. மறுபக்கச் சக்கரத்திலும் அதேதான். செலவே இல்லாத இந்தச் சோதனையில் முக்கால்வாசி விடை கிடைத்துவிட்டது.

இன்னொரு தடயமும் அப்போது கண்ணில் பட்டது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் பிரேக் ஹோஸ் (ஆயில் போகும் ரப்பர் குழாய்) விறைப்பாக இழுத்துக்கொண்டது. ஒரு இடத்தில் ரப்பர் உரசித் தேய்ந்திருந்தது. உரிமையாளர் இதைக் கவனித்திருக்கிறார், கடையில் நீளம் குறைந்த ஹோஸைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். ஹோஸின் நீளம் சரி. அது போய்ச் சேர வேண்டிய துளைதான் இடம் மாறியிருந்தது.

டிரம்மைக் கழற்றியதும் சந்தேகமே இல்லை. மேலும் கீழுமாகச் சிலிண்டர் உள்ள இந்த அமைப்பில், முன்னோக்கி ஓடும் சக்கரத்தின் முன் ஓரம் கீழே இறங்குகிறது, பின் ஓரம் மேலே ஏறுகிறது. எனவே முன் ஷூவை மேலிருந்தும் பின் ஷூவைக் கீழிருந்தும் தள்ள வேண்டும். அதாவது மேல் சிலிண்டரின் பிஸ்டன் காரின் முன்பக்கம் பார்க்க வேண்டும், கீழ் சிலிண்டருடையது பின்பக்கம் பார்க்க வேண்டும். இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் இதே விதி. இங்கே நான்கு பிஸ்டனும் எதிர்த்திசை பார்த்தன. இடது பேக் பிளேட் வலதிலும் வலது இடதிலும் ஏறியிருந்தன.

நான்கு போல்ட் துளைகளும் இரண்டு பக்கத்துக்கும் ஒத்து வருவதால் மாற்றிப் பூட்டினாலும் பிளேட் உட்கார்ந்துவிடும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலேயே இருப்பதால் ஏரும் முழுதாக வெளியேறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தவறாக இருந்ததால் வண்டி பக்கவாட்டில் இழுக்கவும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் முதல் நாளே ஸ்டீயரிங் காட்டிக்கொடுத்திருக்கும்.

## எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி: சிலிண்டர்களை மட்டும் மாற்றுவதா, பிளேட்டோடு மாற்றுவதா? சிலிண்டர்களை மட்டும் மாற்றினால் சக்கரத்தைத் தாங்கும் ஹப்பைக் கழற்ற வேண்டாம், வேலை குறைவு. ஆனால் சிலிண்டரின் இருக்கை, இரண்டையும் இணைக்கும் சிறு பைப்பின் வளைவு, அட்ஜஸ்டர் கேமின் (திருகினால் ஷூவைத் தள்ளும் துண்டு) இடம் எல்லாமே அந்தந்தப் பக்கத்துக்கென்று இருப்பவை. பிளேட்டோடு மாற்றுவதென்று முடிவு செய்தோம்.

லைனிங் விஷயத்தில் உரிமையாளருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. புதிதாக ஒட்டியதுதானே, மேலே உப்புத்தாள் போட்டுவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றார். மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்திருந்தது. அதை மட்டும் என்றால் சுரண்டி எடுத்துவிடலாம்தான். ஆனால் தேய்த்துக்கொண்டே ஓடிய சூட்டில் இரண்டு ஷூக்களின் ஓரத்தில் மெல்லிய விரிசல் விட்டிருந்தது. ஒட்டிய லைனிங்கில் விரிசலைப் பார்த்தபின் அதை மறுபடி பூட்ட எனக்கு மனம் வரவில்லை. முன்பக்கம் நான்கையும் ஒரே வகை லைனிங்கில் மாற்றினோம்.

டிரம்மில் நீலம் பாய்ந்த புள்ளிகள் சில இருந்தன. உள் விட்டத்தைப் பல இடங்களில் அளந்தபோது வட்டம் கொஞ்சம் கெட்டிருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச விட்டத்துக்குள்ளேயே இருந்ததால் லேசாகக் கடைந்து, இடதும் வலதும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். புது ஷூவில் சாக்பீஸ் தடவி, டிரம்முக்குள் வைத்துத் தேய்த்துப் பார்த்ததில் நடுப்பகுதி நன்றாகப் பட்டது. இரண்டு முனையும் மட்டும் பட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட ஷூ திடீரென்று கவ்வும், கத்தும்.

ஹோஸ் இரண்டையும் தயங்காமல் மாற்றினோம். உரசித் தேய்ந்த ஹோஸுக்கு வேறு வைத்தியம் கிடையாது, அதுவும் ஒரே சர்க்யூட் உள்ள வண்டியில்.

## மறுபடி பூட்டியது

தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. இந்த வயது வண்டிகளின் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். இடுக்குகளில் அதன் தூசி மிச்சம் இருக்கலாம், மூச்சில் போனால் ஆபத்து. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டோம்.

பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடுகளிலும் அட்ஜஸ்டரிலும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் மிக மெல்லிதாகத் தடவினோம். சிலிண்டர் ரப்பருக்குச் சிவப்பு ரப்பர் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் போகும். ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள் ஷூவுக்கும் பிளேட்டுக்கும் இடையில், பின்புறமாகப் போகின்றன. வெளிப்புறம் மாட்டினால் கை வேலை சுலபம், ஆனால் ஹப்பில் உரசும். பூட்டியபின் ஒவ்வொரு ஷூவின் முனையும் பிஸ்டன் காடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தோம்.

ஹப்பை ஏற்றியதும் முதலில் பேரிங் ஆட்டத்தைச் சரி செய்து, நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட்டோம். பேரிங்கில் அளவுக்கு மீறிய ஆட்டம் இருந்தால் டிரம் சாய்ந்து சுழலும். அந்த நிலையில் செய்யும் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் நிற்காது.

அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் நேரம் அதிகம் போனது. முன் சக்கரத்தில் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு அட்ஜஸ்டர். இரண்டையும் முழுதாகத் தளர்த்திவிட்டு, ஒன்றை மட்டும் சக்கரம் பூட்டும்வரை இறுக்கினோம். பெடலைப் பலமாக ஒருமுறை மிதித்து விட்டால் ஷூ தன் இடத்தில் உட்காரும். மறுபடி பார்த்தால் சக்கரம் சற்றே விட்டிருக்கும். மீண்டும் பூட்டும்வரை இறுக்கி, சக்கரம் தாராளமாகச் சுற்றும்வரை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்தினோம். பிறகு இரண்டாவது அட்ஜஸ்டரிலும் இதே. இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் எந்த ஷூ உரசுகிறது என்றே தெரியாமல் போகும். லேசான 'ஷ்' சத்தம் இருக்கலாம். கையில் தடை தெரியக் கூடாது.

பின்பக்கம் ஒரு சிக்கல் காத்திருந்தது. பெடல் பலவீனத்தை ஈடுகட்ட யாரோ ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்து இறுக்கியிருந்தார்கள். அதனால் பின் ஷூக்கள் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவே இல்லை. கேபிளை முற்றிலும் தளர்த்தி, ஷூவை அட்ஜஸ்ட் செய்து, கடைசியில் கேபிளின் தொய்வை மட்டும் எடுத்தோம். பின் சக்கரத்தைச் சுற்றும்போது டிஃபரென்ஷியலின் (பின் அச்சின் பற்சக்கரத் தொகுதி) தடையும் கையில் தெரியும். அதைப் பிரேக் உரசல் என்று நினைத்து மேலும் தளர்த்தக் கூடாது.

பிரேக் ஆயில் டாட் 4 வகை, புதிதாகத் திறந்த டப்பா. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து ஏர் எடுத்தோம். பெடலைத் தரை வரை அழுத்தவில்லை: பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதி துருப்பிடித்திருக்கலாம், அதில் ரப்பர் ஏறினால் கிழியும்.

## விளைவு

ஸ்டாண்டில் இருந்தபோதே கைச் சோதனையை மறுபடி செய்தோம். இப்போது முன்னோக்கிச் சுற்றினால் பிடித்தது, பின்னோக்கிச் சுற்றினால் உரசலோடு விட்டது. முதலில் நடை வேகத்தில், பிறகு மிதமான வேகத்தில், இடையிடையே டிரம்மை ஆறவிட்டு லைனிங்கைப் பழக்கினோம்.

அதன்பின் அதே தளத்தில் 40 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 12 மீட்டரில் நின்றது. பெடலுக்குத் தேவைப்பட்ட பலமும் குறைந்தது. பின் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டவில்லை.

லேசாக இடதுபக்கம் இழுத்தது. இடது அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஈடுகட்டலாம் என்றார் உரிமையாளர், மறுத்துவிட்டேன். வலது டிரம்மைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு அட்ஜஸ்டர் கேமின் ஸ்பிரிங் தளர்ந்து, கேம் தானாகப் பின்வாங்கியிருந்தது. அதை மாற்றியதும் வண்டி நேராக நின்றது.

இரண்டு நாள் கழித்து உரிமையாளரிடமிருந்து போன்: ரிவர்ஸில் முன்பு மாதிரி பிடிக்கவில்லையே, ஏதாவது தளர்ந்துவிட்டதா? அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதை விளக்கினேன். முழுதாக நம்பினாரா தெரியவில்லை, ஆனால் எதையும் இறுக்கவில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடி லைனிங் படிந்தபின் முன்பக்கம் எல்லா அட்ஜஸ்டரிலும் ஒரு பல் இறுக்க வேண்டியிருந்தது. புது லைனிங்கில் இது எதிர்பார்த்ததுதான்.

## மாற்ற வேண்டியவை

கழற்றும் நேரத்தில் ஒரு பக்கத்தைப் பூட்டி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தத் தவறை அது தடுத்திருக்கும். ஆனால் முழு வண்டியையும் பிரித்துப் பெயின்ட் அடிப்பவருக்கு அந்த அறிவுரை உதவாது. அவருக்கு வேண்டியது துரு நீக்கினாலும் பெயின்ட் அடித்தாலும் அழியாத குறி: பிளேட்டின் ஓரத்தில் சென்டர் பஞ்சால் இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு. உரிமையாளர் இம்முறை அதைச் செய்தார்.

அவர் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அதில் பிளேட் மட்டும் நெருக்கமாகத் தெரிகிறது; காரின் முன்பக்கம் எது என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பங்களாக இருக்கும் பாகங்களுக்கு, முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி ஒன்றைச் சாக்பீஸால் போட்டுவிட்டுப் படம் எடுப்பது நல்லது.

முதல் மெக்கானிக்கின் வேலை வரிசையில் நான் மாற்றுவது ஒன்றுதான். பெடல் கெட்டியாக இருந்து பிடிப்பு இல்லையென்றால், அட்ஜஸ்டரைத் தொடுவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கி இரண்டு திசையிலும் சுற்றிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரிடம் 'என்ன குறை' என்று கேட்பதோடு, ரிவர்ஸில் எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இந்த வண்டியில் அந்தக் கேள்வி ஒரு செட் லைனிங்கையும் டிரம்மில் ஒரு கடைசலையும் மிச்சப்படுத்தியிருக்கும்.

ஒரே சர்க்யூட்டை இரட்டைச் சர்க்யூட்டாக மாற்றுவது பற்றியும் பேசினோம். பழைய அமைப்பு அப்படியே இருக்கட்டும் என்று உரிமையாளர் முடிவு செய்தார். அப்படியானால் பைப் ஒன்று போனால் மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே என்பதால், ஒவ்வொரு சர்வீஸிலும் ஏற்றத்திலும் இறக்கத்திலும் நிறுத்தி அதைச் சோதிப்பது என்று வண்டியின் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.